ஜிம்மி ராட்ஜர்ஸின் கிட்டார்: பெட்டகத்தில் இருக்கணுமா, கையில் இருக்கணுமா?

மூணாம்_ஃப்ரெட் எழுதியது:

வணக்கம் மக்களே. அமெரிக்கக் கண்ட்ரி இசையின் பழைய பதிவுகளைத் தோண்ட ஆரம்பித்தால் எந்தப் பக்கமாகப் போனாலும் கடைசியில் ஜிம்மி ராட்ஜர்ஸிடம் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊர்க்காரர். ரயிலில் பிரேக்மேன், அதாவது பிரேக் போடும் ஊழியர். 1924-ல் காசநோய் என்று தெரிந்தது. ரயில் வேலையைத் தொடர முடியவில்லை, பாட்டையே பிழைப்பாக எடுத்துக்கொண்டார். 1927 ஆகஸ்டில் முதல் ஒலிப்பதிவு, 1933 மே மாதம் கடைசி. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள். சாகும்போது வயது 35.

பாட்டைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. நான் கேட்க வந்தது கிட்டாரைப் பற்றி. 1928-ல் மார்ட்டின் கம்பெனி அவருக்காகச் செய்த டிரிபிள்-ஓ 45 மாடல். அந்தக் கம்பெனியின் வரிசையில் அன்றைக்கு அதற்கு மேல் அலங்காரம் கிடையாது. விளிம்பு முழுக்க அபலோனி சிப்பி பதித்திருக்கும். விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டில் நீளவாக்கில் அவர் பெயர், கிட்டாரின் தலையில் அவர் பாட்டின் பெயர், 'புளூ யோடல்' (யோடல் என்றால் குரலைச் சட்டென்று உச்சிக்குத் தாவவிட்டுப் பாடுவது). பின்பக்கம் பெரிய எழுத்தில் 'தேங்க்ஸ்', அதுவும் தலைகீழாக. பாட்டு முடிந்ததும் கிட்டாரை அப்படியே புரட்டித் தூக்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேராகத் தெரியும்.

அது இப்போது மெரிடியனில், அவர் பெயரிலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில், பெட்டகத்துக்குள் இருக்கிறது. என் கேள்வி இதுதான்: இப்படி ஒரு வாத்தியத்தைப் பூட்டி வைப்பது சரியா? யாராவது எடுத்து வாசிக்க வேண்டாமா?

தட்டுப்பெட்டி எழுதியது:

நல்ல இழை. பதில் சொல்லுமுன் ஒரு விஷயம். தலையில் 'புளூ யோடல்' என்று இருக்கிறதே, அந்தப் பாட்டில் கேட்பது இந்தக் கிட்டார் இல்லை. முதல் புளூ யோடல் பதிவானது 1927 நவம்பர் 30, நியூ ஜெர்சி மாநிலத்து கேம்டனில். மார்ட்டின் வந்தது அதற்கு அடுத்த வருஷம். பாட்டு ஓடிய பிறகுதான் கிட்டாரின் நெற்றியில் பெயர் ஏறியது. சாதாரணக் கிட்டாரும் ஒரு தொண்டையும் செய்த வேலைக்குப் பின்னால் வந்த பட்டயம் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

அந்த நவம்பர் பதிவே யாரும் கூப்பிட்டு நடந்ததில்லை. ஆகஸ்டில் டென்னசி மாநிலத்து பிரிஸ்டலில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் வந்து பதிவு எடுத்தபோது ராட்ஜர்ஸ் ஒரு குழுவோடுதான் போனார். இசைத்தட்டில் யார் பெயரைப் போடுவது என்று அவர்களுக்குள் தகராறு. குழு தனியாகப் பாடியது, இவர் தனியாக இரண்டு பாட்டு பாடினார். அது சுமாராகத்தான் போனது. மனிதர் காத்திருக்கவில்லை. நேராக நியூயார்க்குக்குக் கிளம்பிப் போய் ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டு, 'வந்திருக்கிறேன், அடுத்த பதிவு எப்போது?' என்ற தோரணையில் ரால்ஃப் பீருக்குப் போன் போட்டார். அந்தத் தைரியத்தில் வந்ததுதான் புளூ யோடல்.

ரயிலடி எழுதியது:

கையில் காசு இல்லை, நுரையீரல் இல்லை, ஆனால் ஹோட்டலில் அறை. இந்த ஆளை எப்படிப் பிடிக்காமல் போகும்!

டெக்சாஸ்வாசி எழுதியது:

மூணாம்_ஃப்ரெட், உங்கள் கேள்விக்கு வரலாறே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கிட்டார் ஏறக்குறைய நாற்பது வருஷம் இன்னொருவர் கையில் இருந்தது. கண்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப்.

டப்புக்கு ராட்ஜர்ஸ் என்றால் உயிர். அவர் மாதிரியே பாடுவார், அவர் மாதிரியே யோடல் போடுவார், நேரில் மட்டும் பார்த்ததே இல்லை. ராட்ஜர்ஸ் இறந்து மூன்று வருஷம் கழித்து சான் அன்டோனியோவில் டப் இருக்கிறார். ராட்ஜர்ஸின் மனைவி கேரியும் அதே ஊரில். ராட்ஜர்ஸின் போட்டோ ஒன்று கேட்டுத்தான் டப் முதலில் அந்த அம்மாவைத் தொடர்புகொண்டார். அது நட்பாகி, அந்த அம்மா விக்டர் கம்பெனியில் டப்புக்குப் பதிவு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் கணவரின் கிட்டாரையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1939-ல் டப்புக்கு டான்சில் ஆபரேஷன். குரல் மாறிப்போனது. யோடல் போடவே முடியவில்லை. குருவின் கிட்டார் கையில் இருக்கிறது, குருவின் பாட்டைப் பாட முடியாது. வேறு வழியில்லாமல் தனக்கு வரும் குரலுக்குத் தானே பாட்டு எழுத ஆரம்பித்தார். 1941-ல் ஒரு பாட்டு பெரிய ஹிட். அதிலிருந்து அவர் ராட்ஜர்ஸின் நகல் இல்லை, எர்னஸ்ட் டப்.

அந்த 'தேங்க்ஸ்' பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தன் சொந்தக் கிட்டாரின் முதுகிலும் எழுதி வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் புரட்டிக் காட்டுவார். பல பேருக்கு அது டப்பின் அடையாளமாகவே மனதில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

மூணாம்_ஃப்ரெட் எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். கேரி அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால்?

தட்டுப்பெட்டி எழுதியது:

கேரி கொடுத்தபோது அது எட்டு வருஷத்துக் கிட்டார். இப்போது நூறு வயதை நெருங்குகிறது. கம்பியின் இழுவையை நூறு வருஷம் தாங்கிய பலகை. ஈரப்பதம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே முகப்பு வெடிக்கும், கம்பிகளைத் தாங்கும் பாலம் கிளம்பும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை மேடையாகப் போகச் சொல்கிறீர்களா? வாசித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் மறுபதிப்பு இருக்கிறது. 1997-ல், ராட்ஜர்ஸ் பிறந்த நூற்றாண்டுக்கு, மார்ட்டினே அதே மாதிரி குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்றது.

ஈட்டிமரம் எழுதியது:

மரவேலை பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். அந்தக் காலத்து 45 வரிசைக்கு முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட். முகப்பு ஸ்ப்ரூஸ். ராட்ஜர்ஸுடையது 12-வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கழுத்தும் உடலும் சேரும் பழைய அமைப்பு. அதனால் பாலம் உடலின் நடுப்பகுதிக்கு இறங்கி உட்காரும். ஓசை கொஞ்சம் உருண்டையாக, வெதுவெதுப்பாக வரும். தனியாக உட்கார்ந்து பாடுகிற ஆளுக்கு ஏற்ற கிட்டார். பெரிய வாத்தியக் குழுவோடு மோதுவதற்கு இது போதாது. அதற்குப் பெரிய உடம்புள்ள டிரெட்நாட் கிட்டார்தான் வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று. பிரேசில் அந்த மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும், 1969-ல் மார்ட்டின் தன் வழக்கமான மாடல்களுக்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற நம் ஈட்டி மரம்தான். அப்பா காலத்துக் கட்டில், பீரோ என்று வீட்டில் ஈட்டி இருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கும். பிரேசில் மரமோ 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 1928 கிட்டார் உடைந்தால் அதே மாதிரி ஒன்று செய்யலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பூட்டியே இருக்கட்டும் என்பது என் கட்சி.

கரிசல்மண் எழுதியது:

எல்லோரும் உருகுவதைப் பார்த்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாம் போலிருக்கிறது. கண்ட்ரி இசையின் தந்தை என்கிறீர்கள். அவர் பாடியதில் பாதி புளூஸ், கறுப்பின மக்களின் இசை. சின்ன வயதில் ரயில் பாதை போடும் கறுப்பினத் தொழிலாளிகளுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்த பையன், அவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். மருந்து விற்கும் ஊர்சுற்றிக் கூட்டங்களில் கறுப்பினத்தவர் வேஷத்துக்காக முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடியும் இருக்கிறார். கேட்ட பாட்டைத் தட்டாக்கி விற்றபோது புகழும் பணமும் யாருக்குப் போனது? கிட்டாரின் முதுகில் 'தேங்க்ஸ்' போட்டவர் அதை யாருக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

ரயிலடி எழுதியது:

ஆரம்பிச்சாச்சா.

தட்டுப்பெட்டி எழுதியது:

ரயிலடி, நியாயமான கேள்விதான், கேட்கட்டும்.

1930 ஜூலை 16, ஹாலிவுட். புளூ யோடல் என்று எண் போட்டு அவர் பாடிய வரிசையில் ஒன்பதாம் எண். டிரம்பெட் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங். வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் வாசிக்க முடியாத காலத்தில், ஒரே அறையில் மைக்குக்கு முன்னால் மூன்று பேர். தட்டின் லேபிளில் ராட்ஜர்ஸ் பெயர் மட்டும்தான். மற்ற இருவர் பெயரும் இல்லை. கரிசல்மண் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தத் தட்டைக் கேளுங்கள். ராட்ஜர்ஸ் தாளக் கணக்கில் ரொம்பத் தாராளம். ஒரு வரியை முடிக்க நாலு அடி என்றால் இவர் ஐந்து போடுவார், இல்லாவிட்டால் மூன்றரையிலேயே அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். தனியாகப் பாடும்போது அவர் கிட்டார் கூடவே வளைந்து கொடுக்கும், நமக்கு உறுத்தாது. கூட யாராவது வாசித்தால் தெரியும் சங்கதி. ஆம்ஸ்ட்ராங் அந்த ஓட்டைகளில் எல்லாம் எப்படிப் புகுந்து நிரப்புகிறார் பாருங்கள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்கு அந்தப் பதிவில் பெரிய ஆள் ஆம்ஸ்ட்ராங்தான். ராட்ஜர்ஸ் ரசிகனாக இருந்தே சொல்கிறேன்.

கரிசல்மண் எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஹவுலின் வுல்ஃப். சிக்காகோ புளூஸின் பெரிய கை. அவருக்கு ராட்ஜர்ஸ் மிகவும் பிடிக்கும். யோடல் போட்டுப் பார்த்தாராம், வரவில்லையாம், வந்தது அந்த ஊளைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, கறுப்பினப் பாட்டைக் கேட்டு ராட்ஜர்ஸ், ராட்ஜர்ஸைக் கேட்டு வுல்ஃப். பணக் கணக்கு மட்டும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. அந்த வருத்தம் எனக்குப் போகாது.

கப்பிரோடு எழுதியது:

ரசிகர்கள் என்றால் அமெரிக்காவிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. 1950-ல் ஹியூ டிரேசி என்ற ஆய்வாளர் கென்யாவில் கிப்சிகிஸ் மக்களின் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போனார். ஓர் ஊரில் பெண் பிள்ளைகள் 'செமிரோச்சா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடினார்கள். கூடவே யாழ் மாதிரி ஒரு கம்பி வாத்தியம். யார் அந்தச் செமிரோச்சா? நம்ம ஜிம்மி ராட்ஜர்ஸ்தான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கிராமபோனில் கேட்ட குரல். பெட்டிக்குள்ளிருந்து ஆளே இல்லாமல் பாட்டு வருகிறது, அந்தக் குரலும் திடீர் திடீரென்று உச்சிக்குப் போய் உடைகிறது. ஆகவே அவர் பாதி மனிதன், பாதி மான் என்று ஆகிவிட்டார். பாட்டில் அவரை வந்து ஆடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. வாத்தியம் ஒரே சுழலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே இளம் பெண்களின் குரல்கள். எந்த விருதையும் விட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவருடைய கிட்டாரை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. தங்கள் யாழை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

டெக்சாஸ்வாசி எழுதியது:

கப்பிரோடு, இது எனக்குப் புதுசு. கேட்டுவிட்டு வந்தேன். ரொம்ப நேரமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரயிலடி எழுதியது:

நம்ம பக்கமும் கிஷோர் குமாரின் யோடலுக்கு ராட்ஜர்ஸ் தட்டுகளும் ஆஸ்திரேலியாவின் டெக்ஸ் மார்ட்டன் தட்டுகளும்தான் மூலம் என்று சொல்வார்கள். தமிழில் யோடல் என்றால் சந்திரபாபு. அதற்குத் தனி இழையே போடலாம், இங்கே வேண்டாம். மாடரேட்டர் அடிப்பார்.

சிப்பிவேலை எழுதியது:

கிட்டாரின் மேல் பெயர் பதிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இன்று அது சாதாரணம். அன்று, ஒரு பாட்டுக்காரர் தன் பெயரைக் கழுத்து நீளத்துக்குச் சிப்பியில் எழுதி வைத்துக்கொள்வது பெரிய விஷயம். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரி ஆரம்பத்தில் ராட்ஜர்ஸ் பாட்டுகளை அப்படியே நகலெடுத்துப் பாடிக்கொண்டிருந்தவர். 1933-ல் மார்ட்டினிடம் டிரெட்நாட் உடம்பில் 45 அலங்காரம் கேட்டு, தன் பெயரையும் பதிக்கச் சொன்னார். அதுதான் உலகத்தின் முதல் டி-45. இன்று சேகரிப்பாளர்கள் அந்த மாடல் என்றாலே கண்ணை விரிக்கிறார்கள். பெயர் போட்ட கிட்டார் என்ற ஆசை ராட்ஜர்ஸ் தோளிலிருந்து இறங்கியது என்பேன்.

ஆனால் அவர் ஒரே கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழுத ஆள் இல்லை. பிலடெல்பியாவின் வேமன் கம்பெனி அவர் பெயரில் ஒரு மாடல் போட்டது. பின்னால் வந்த பல போட்டோக்களில் அவர் கையில் இருப்பது வேமன். மார்ட்டினை மட்டும் கோயில் மூலவர் ஆக்கியது ரசிகர்களும் டப்பும்தான்.

மூணாம்_ஃப்ரெட் எழுதியது:

அப்படியானால் அவரே வாசித்தது குறைவு, டப் வாசித்ததுதான் அதிகமா?

டெக்சாஸ்வாசி எழுதியது:

வருஷக் கணக்கில் பார்த்தால் சந்தேகமே இல்லை. ராட்ஜர்ஸுக்குக் கிடைத்ததே ஐந்து வருஷம். அதிலும் பாதி படுக்கையில். 1929-ல் டெக்சாஸில் கெர்வில் ஊரில் பெரிய வீடு கட்டினார். காற்று நல்லது, நுரையீரல் தேறும் என்று நம்பிக்கை. அந்த வீட்டை வைத்துக்கொள்ள முடியாமல் சான் அன்டோனியோவுக்கு வந்தார். டாக்டர்கள் ஓய்வெடு என்றார்கள், இவர் கூடாரம் கூடாரமாகப் பாடப் போனார். 1931-ல் வறட்சி நிவாரணத்துக்காக நகைச்சுவை நடிகர் வில் ராஜர்ஸோடு டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் சுற்றினார். இருமல் வருமாம், திரும்பிக்கொண்டு இருமிவிட்டு, ஒரு ஜோக் அடித்துவிட்டு அடுத்த பாட்டு. காசநோயைப் பற்றியே இரண்டு பாட்டு பதிவு செய்திருக்கிறார். அதில் ஒன்று சவக்குழியைப் பற்றிக் கிண்டலாகப் பேசும்.

கடைசிப் பதிவு நியூயார்க்கில், 1933 மே. ஸ்டுடியோவில் கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு பாடுவார், போய்ப் படுப்பார், எழுந்து வந்து அடுத்தது. கூடவே நர்ஸ். 24-ந் தேதி கடைசிப் பாட்டு. 26-ந் தேதி டாஃப்ட் ஹோட்டலில் ரத்தம் கக்கி இறந்துவிட்டார். உடல் ரயிலில்தான் மெரிடியனுக்குப் போனது. இந்தப் பதிவுகளைக் கேட்கும்போது குரலில் சோர்வைத் தேடாதீர்கள், அவ்வளவு எளிதில் கிடைக்காது. மூச்சைச் சேமிக்க வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிப் பாடுவது மட்டும் கவனித்தால் தெரியும்.

ஈட்டிமரம் எழுதியது:

காச நோயாளி யோடல் போட்டதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். இரண்டு குரலுக்கு நடுவே தாவ எவ்வளவு காற்று வேண்டும்!

கட்டைவிரல் எழுதியது:

நான் வாசிக்கிற ஆள் என்பதால் கை பக்கமிருந்து சொல்கிறேன். 1929-ல் கேம்டனில் எடுத்த குறும்படம் ஒன்று இருக்கிறது. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடை, இரண்டு பெண்கள், பிரேக்மேன் உடுப்பில் இவர். மூன்று பாட்டு. அவர் பாடி வாசிப்பதைக் கண்ணால் பார்க்க இதை விட்டால் வேறு வழியில்லை.

பாட்டை நிறுத்திவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள். கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பியில் ஒரு தட்டு, மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் ஒரு வருடல். தட்டு, வருடல், தட்டு, வருடல். பெரிய வித்தை எதுவும் இல்லை. கார்ட்டர் குடும்பக் குழுவின் மேபெல் கார்ட்டர் மாதிரி கட்டைவிரலில் முழு மெட்டையும் வாசிக்கிற கதையெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இன்னொன்றுக்குப் போகும்போது அடிக்கம்பியில் நாலைந்து சுரம் படியேறி வரும் பாருங்கள், அதுதான் அவர் முத்திரை. அந்த ஓட்டத்தைக் கேட்டதும் அடுத்த வரி வரப்போகிறது என்று காது நிமிரும். யோடல் வரும்போது கை கிட்டத்தட்ட அடங்கிவிடும். குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்.

ராட்ஜர்ஸ் பெரிய கிட்டார் கலைஞர் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவேன். தன் குரலுக்கு எவ்வளவு கிட்டார் வேண்டுமோ அவ்வளவு மட்டும் வாசித்தவர். பாட்டுக்கு நடுவே, கம்பியில் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் வேண்டும் என்றால் எல்ஸ்வொர்த் காஸன்ஸ், ஜோ காய்ப்போ என்று ஆள் வைத்துக்கொண்டார். தனக்கு வராததைக் கையில் எடுக்கவில்லை.

அப்புறம், பெட்டகமா கையா என்ற கேள்விக்கு என் ஓட்டு பெட்டகம். அந்தக் கிட்டார் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. டப் கையில் இருந்தபோது ஒரு புதுப் பாட்டுக்காரனை உருவாக்கியது. இனிமேல் அதைத் தொட்டு வாசிக்கப் போகிறவர் ஏற்கெனவே பெரிய ஆளாக இருப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார், போவார். அதனால் யாருக்கு என்ன?

மூணாம்_ஃப்ரெட் எழுதியது:

எல்லோரும் பெட்டகம் பக்கமே சாய்கிறீர்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், மே மாதம் மெரிடியனில் அவர் பெயரில் விழா நடக்கிறதே, 1953-ல் டப்பும் பாடகர் ஹாங்க் ஸ்னோவும் சேர்ந்து தொடங்கியது, அன்றைக்காவது ஒரு பாட்டு. பேர் தெரியாத உள்ளூர்ப் பையன் ஒருத்தன் வாசிக்கட்டும். ஸ்டார் வேண்டாம்.

தட்டுப்பெட்டி எழுதியது:

இன்ஷூரன்ஸ்காரர் இதைப் படித்தால் மயங்கி விழுவார். ஹாங்க் ஸ்னோ என்றதும் ஞாபகம் வருகிறது: கனடாவின் நோவா ஸ்கோஷியாக்காரர், தன் மகனுக்கே ஜிம்மி ராட்ஜர்ஸ் ஸ்னோ என்று பெயர் வைத்தார். டப்புக்குக் கிட்டார், ஸ்னோவுக்குப் பிள்ளை.

பேருந்துக்கடைசிசீட் எழுதியது:

இந்த மன்றத்துக்குப் புதியவன். இவ்வளவு நேரம் படித்ததில் ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? என்னிடம் இருப்பது சாதாரண உள்ளூர்க் கிட்டார், அதில் இதெல்லாம் வருமா?

கட்டைவிரல் எழுதியது:

வரும் தம்பி, தாராளமாக. முதலில் 1927 நவம்பர் புளூ யோடல், அப்புறம் ரயிலுக்குக் காத்திருக்கும் பாட்டு, அப்புறம் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒன்பதாம் எண். காது பழகியதும் 1933-ம் வருஷத்துப் பதிவுகள்.

கிட்டாரில் ஜி, சி, டி மூன்று கார்டு போதும். கம்பியை மீட்டும் பிக்கைத் தூரப் போடுங்கள், கட்டைவிரல்தான் வேலை. ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது அஞ்சாம் கம்பியைத் திறந்து ஒரு தட்டு, அதே கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு தட்டு, மூன்றாம் ஃப்ரெட்டுக்கு வரும்போது சி கார்டு விழ வேண்டும். மெதுவாக. மெட்ரோனோம் வேண்டவே வேண்டாம், அவரே அதற்கு அடங்கமாட்டார். பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறோம். யோடல் மட்டும் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகுங்கள்.